கிணற்றுப் பங்கு

கரண்ட் போய் முக்கால் மணித்தியாலமாகிவிட்டது. விசிறி நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஞானசேகரம் சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய கடதாசிக் கோவையால் விசிறிக்கொண்டு, "மாஸ்ரர், கரண்டும் எங்கட மீள்குடியேற்றம் மாதிரித்தான். வரும் எண்டு சொல்லுவினம், திகதி சொல்லமாட்டினம்" என்கிறார். நான் சிரிக்கிறேன். தட்டெழுதும் பிள்ளை வதனியும் சிரிக்கிறாள். தவமலர் சிரிக்கவில்லை. அவள் சுவரோரக் கதிரையில், மடியில் ஒரு பிளாஸ்ரிக் பையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருக்கிறாள். அவள் உள்ளே வந்தபோது ஞானசேகரம் "இருங்கோ பிள்ளை" என்றார், அவள் இருந்தாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் நான் அதைக் கவனித்தேன். அவளுடைய தகப்பன் பொன்னன் என் முன்னால் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை என்பது ஒரு கணம் தலைக்குள் வந்து போனது. எனக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவன். ஒரு பெண் கதிரையில் இருப்பதைக் கவனிக்கிறேன், கவனித்ததற்காக வெட்கப்படுகிறேன், வெட்கப்படுவதற்காக என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொள்கிறேன். இந்த மூன்றாவதுதான் எனக்குக் களைப்பைத் தருகிறது. இதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து ஒரு மாதமாக நித்திரையில்லை. கரண்ட் வந்தால் உறுதியை அச்சடித்துக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். கரண்ட் வரும் மட்டும் எனக்கு அவகாசம். அவகாசம் வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

விஷயம் சின்னது. சண்டைக்கு முதல் எங்கள் வளவின் பின்பக்கத்தில், மூன்று பரப்புத் துண்டொன்றில், பொன்னன் குடும்பம் இருந்தது. பரம்பரையாக இருந்தது. பனையோலைக் கொட்டில், ஒரு முருங்கை, நாலு கோழி. நிலம் எங்களுடையது, அவர்களும் எங்களுடையவர்கள் என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. பிறகு செல்லடி எல்லாரையும் ஒன்றாகக் கலைத்தது. இருபத்தாறு வருடம் அந்த நிலத்தில் ஆமி இருந்தது. இப்போது விட்டுவிட்டார்கள். வீட்டுத்திட்டம் வந்திருக்கிறது. தவமலருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள், காணி அவள் பெயரில் இருந்தால். உறுதி இல்லாதவர்களுக்கு வீடு இல்லை. நாளைக்குப் பின்னேரம் பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் உறுதியோடு போய் நிற்காவிட்டால் அவள் அகதி முகாமிலேயே, தகரத்துக்குக் கீழேயே, இன்னும் எத்தனை வருடமோ. ஆகவே நான் அந்த மூன்று பரப்பையும் அவளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தீர்மானித்த அன்று மனம் லேசாகக்கூட இருந்தது. நன்கொடையைப் பிறகு திருப்பி எடுக்கலாமா என்று ஞானசேகரத்திடம் கேட்டேன். "வாங்கினவை நன்றிகெட்டதனம் காட்டினால் கோட்டுக்குப் போகலாம், மாஸ்ரர். அந்தக் கரைச்சல் வேண்டாமெண்டால் 'மீளப்பெற முடியாத' எண்டு ஒரு சொல்லுப் போடுவம்" என்றார். போடச் சொன்னேன். அன்று பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நகல் கையில் வந்த பிறகுதான் கண்டேன். எங்கள் ஊர் உறுதிகளில் காணியைச் சொல்லி, எல்லையைச் சொல்லி, கடைசியில் ஒரு வரி வரும்: கிணற்றில் இத்தனை பங்கும் நீர் அள்ளும் உரிமையும். அந்த வரி இல்லை. காணி மட்டும்தான் இருந்தது. பின்துண்டில் கிணறு கிடையாது. உள்ள ஒரே கிணறு எங்கள் வீட்டுக் கிணறு. நகலை எழுதச் சொல்லி விபரம் அனுப்பியது அக்கா. கனடாவிலிருந்து.

அக்காவுக்கு இதில் சட்டப்படி ஒரு உரித்தும் இல்லை. வளவும் வீடும் அம்மாவின் உறுதிப்படி எனக்கு. அக்காவுக்குச் சீதனம் வேறிடத்தில் கொடுத்து, அதை அவள் எப்போதோ விற்றுவிட்டாள். ஆனால் அவளுக்குத் தொலைபேசி இருக்கிறது. "தம்பி, காணியைக் குடு. நான் வேண்டாமெண்டேல்லை. பாவங்கள். கிணத்தைக் குடாதை. அது அம்மான்ரை கிணறு." "அக்கா, தண்ணியில்லாமல் எப்பிடி இருக்கிறது?" "உவைக்குக் குழாய்த் தண்ணி வருதாம். பேஸ்புக்கிலை பாத்தனான்." "எப்ப வருதாம்?" "அது எனக்கென்ன தெரியும். நீதானே உங்கை இருக்கிறாய்." அக்காவுக்கு ரொறன்ரோவில் பக்கத்து வீட்டில் இருப்பவன் ஒரு கறுப்பன். அவன் பனி தள்ளிக் கொடுப்பான், அவள் அவனுக்கு ரோல்ஸ் சுட்டுக் கொடுப்பாள். நல்ல மனிதன் என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். அவனை வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். அவளை நான் என்ன சொல்வது? அவள் கெட்டவள் இல்லை. அம்மாவும் கெட்டவள் இல்லை. நானும் இல்லை என்று சொல்லத்தான் வருகிறது, ஆனால் மூன்று பேரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று தெரியவில்லை. ஒருவரும் கெட்டவர் இல்லாத வளவில்தான் பொன்னன் கை ஏந்திக் குனிந்து நின்றான். அம்மா செம்பை உயர்த்திப் பிடித்து, கைபடாமல் ஊற்றுவாள். தண்ணீர் அவன் முழங்கை வழியாக ஓடி வேட்டியை நனைக்கும். குடித்து முடித்தபின் "காணும் நாச்சியார், போதும்" என்பான். வருடத்துக்கு ஒருமுறை, ஆவணியில் தண்ணீர் வற்றும்போது, அவன்தான் கிணற்றுக்குள் இறங்கித் தூர்வாருவான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கீழே போய், இடுப்பளவு சேற்றில் நின்று, வாளி வாளியாக அள்ளி அனுப்புவான். நான் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பேன். அவ்வளவு ஆழத்திலிருந்து அவன் முகம் வெள்ளையாகப் பல் தெரியச் சிரிக்கும். கிணற்றின் அடியை எங்கள் வீட்டில் ஒருவருமே தொட்டதில்லை. அவன் தொட்டான், காலால் மிதித்தான், ஊற்றுக்கண்ணில் விரலை விட்டுக் கல்லை எடுத்தான். உள்ளே இறங்கலாம், மேலே நின்று அள்ளக்கூடாது. சின்ன வயதில் இது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொல்வது சுகம். உண்மையில் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. விளங்காமல் இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேனே.

கேட்டது தவமலர். ஆனால் கிணற்றைப் பற்றி அல்ல. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வருடம், எட்டாம் வகுப்பு, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஒரு நாடு இரண்டாகப் பிரிந்து, அடிமைகளை வைத்திருக்கலாமா கூடாதா என்று நான்கு வருடம் தன்னைத் தானே கொன்றது. தெற்கு அடிமைகளை வைத்திருந்தது, வடக்கு வென்றது. பிள்ளைகளுக்கு அது நல்ல விருப்பம். எங்களுக்கும் அப்போது வடக்குத் தெற்குச் சண்டை. வடக்கு என்றால் நாங்கள். அந்தக் கதையிலும் வடக்குத்தான் நியாயம். பின்வாங்கிலிருந்து ஒருவன் "அப்ப நாங்கள் வெல்லுவம் சேர்" என்றான், வகுப்பே கைதட்டியது. நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அந்தக் கதையில் நாங்கள் எந்தப் பக்கம் என்பதை வேறு விதமாகவும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என் மாதிரியான வீட்டுப் பிள்ளைகள். தவமலர் கடைசி வரிசை ஓரம். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் எழும்பி நின்றாள். "சேர், அடிமையளை விட்டாப் பிறகு அவை எங்கை போனவை? காணி குடுத்தவையோ?" புத்தகத்தில் 'மீள்கட்டுமானம்' என்ற தலைப்பில் மூன்று வரி இருந்தது. காணியைப் பற்றி அதில் இல்லை. "அது சோதினைக்கு வராது" என்றேன். அவள் இருந்துவிட்டாள். பின்னர் நான் வேறு புத்தகங்களில் தேடி வாசித்தேன். சில இடங்களில் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்து, அவர்கள் விதைத்து, முளைவிட்ட பிறகு, பழைய உரித்தாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்துக் காணியைத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். வாசித்ததைப் போய் அவளிடம் சொன்னேனா? அவள் எங்கள் பின்வளவில்தான் இருந்தாள். ஐம்பது அடி எடுத்து வைத்தால் போதும். நடக்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால், நேரம் வாய்க்கவில்லை, மறந்துவிட்டேன், சண்டை தொடங்கிவிட்டது. எல்லாம் உண்மைதான். உண்மைகளை அடுக்கி அடுக்கித்தான் நான் மறைந்திருக்கிறேன்.

அந்த நாளை நினைக்கக்கூடாது என்று இருந்தேன். இங்கே விசிறி ஓடாத அறையில், அவள் நாலு அடி தூரத்தில் இருக்கும்போது, நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே வருடம். சனிக்கிழமை. நான் முன் விறாந்தையில் இருந்து தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி: அடிமைகள் விடுதலை பெற்றமைக்கான காரணங்கள் ஐந்து தருக. நல்ல வெயில். தவமலர் தாயோடு முற்றம் கூட்ட வந்தவள். அம்மா அடுப்படியில். பிள்ளைக்குத் தாகம். ஊற்றிவிட ஆளில்லை, கூப்பிட்டுப் பார்த்தாள், என்னையும் கூப்பிட்டிருக்கலாம், கேட்டதாக நினைவில்லை, கேட்கவில்லை என்றும் நிச்சயமில்லை. கப்பி கிரீச்சிட்டது. கிணற்றடியில் அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா வெளியே வந்தாள். அதற்குப் பிறகு நடந்தது சத்தங்கள்தான். அம்மாவின் குரல், தாய்க்காரி தன் பிள்ளையை ஓங்கி அறைந்த சத்தம், வாளி சீமெந்தில் உருண்ட சத்தம், அம்மா மறுபடி மறுபடி தண்ணீர் அள்ளி ஊற்றிக் கிணற்றடியைக் கழுவிய சத்தம். பிள்ளை அழவே இல்லை. நான் தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனையை விடைத்தாளில் வைத்து, மூன்றாவது காரணத்துக்குச் சரி போட்டேன். அது சரியான விடைதானா என்றுகூடப் பார்க்கவில்லை, ஒரு சரி போட்டேன், கை அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பாளோ மாட்டாளோ. அது இப்போது பிரச்சினையில்லை. பிரச்சினை, அவள் என்னைப் பார்த்தாளா என்பதுதான். விறாந்தையில் அவளுடைய வாத்தியார் குனிந்துகொண்டு இருந்ததை அவள் கண்டாளா? முப்பது வருடமாக எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அதைக் கேட்க முடியாது. கேட்டால், அவள் மறந்திருந்தால், நினைவூட்டியவன் நானாவேன். மறக்காவிட்டால் என்ன செய்வேன்?

வதனி எழும்பி யன்னலைத் திறக்கிறாள். கீழே சந்தையில் யாரோ யாரையோ ஏசுகிறார்கள். "கத்தரிக்காய் விலையைக் கேட்டால் காணி விலை சொல்லுறாய், நீயென்ன நொத்தாரிசோ?" ஞானசேகரம் கோவையை வைத்துவிட்டு, "கேட்டியளே மாஸ்ரர், எனக்கு நல்ல மரியாதை" என்கிறார். இந்த முறை தவமலரும் சிரிக்கிறாள். சிரிக்கும்போது தகப்பனின் பல். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நாங்கள் ஓடிப்போன அன்று பொன்னன்தான் அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தான். அம்மாவின் மடியில் உறுதிப் பெட்டி. நாங்கள் எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் விழுந்தோம். அடுத்த நாள் காலையில் தண்ணீர் பவுசர் வந்தது. வரிசையில் பொன்னனின் மனைவி முன்னால், அம்மா அவளுக்குப் பின்னால், இருவர் கையிலும் ஒரே மாதிரி மஞ்சள் கான். அந்தப் பெண் விலகி, "நாச்சியார், நீங்கள் முதல் பிடியுங்கோ" என்றாள். அம்மா மத்தியானம் வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. பிறகு குடித்தாள். "பவுசர்த் தண்ணிக்குத் தீட்டில்லை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது, இந்தச் சண்டை மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடும் என்று. மூன்றாம் மாதம் மாமாவின் உதவியோடு நாங்கள் கொக்குவிலில் வாடகைக்கு வீடு எடுத்துப் போய்விட்டோம். அவர்களுக்கு அப்படி மாமா இல்லை. காணியும் இல்லை, கனடாவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து முகாமுக்கு, முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு. முகாமில் கடைசியாக மிஞ்சியவர்கள் யார் என்று பத்திரிகைக்காரர்கள் கணக்கெடுத்தார்கள். யார் என்று எங்களுக்குக் கணக்கெடுக்காமலே தெரியும். பொன்னன் அங்கேதான் செத்தான். செத்த வீட்டுக்குப் போனேன். அங்கே ஒட்டியிருந்த அறிவித்தலில் இளையவர் பொன்னுத்துரை என்று இருந்தது. தவறான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று திரும்பி ஐந்தாறு அடி நடந்துவிட்டேன். பொன்னன் என்பது எங்கள் வீட்டார் வைத்திருந்த பெயர். அவனுக்கு, அவருக்கு, ஒரு முழுப்பெயர் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அம்மாவின் உறுதிப் பெட்டியை அம்மா போன பிறகுதான் முழுதாகத் திறந்தேன். அடியில் ஒரு பழைய சீதன உறுதியின் பிரதி. எழுத்து மங்கி, மடிப்பில் ஓட்டை விழுந்து. என் பாட்டனாரின் பாட்டி கலியாணம் செய்தபோது எழுதியது. இன்ன பெயருடைய வளவு பன்னிரண்டு பரப்பு, பனங்கூடல், பசு இரண்டு, கிணற்றில் அரைப்பங்கு, வேலன் எனும் அடிமையும் அவன் பெண்சாதியும் பிறக்கும் பிள்ளைகளும். கிணற்றுக்கும் வேலனுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிகூட இல்லை. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்துநான்கில் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது என்று நான் கரும்பலகையில் முப்பது வருடம் எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். வேலன் அடுத்த நாள் எங்கே போனான்? காணி கொடுத்தார்களோ? பின்வளவில் இருந்தான். அவன் பிள்ளை இருந்தான், அவன் பேரனின் பேரன் கிணற்றுக்குள் இறங்கினான். அந்தப் பிரதியை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. அக்காவுக்குச் சொன்னபோது "எரிச்சுப்போடு, ஆரும் பாத்தால் வெக்கம்" என்றாள். எரிக்கவில்லை. சரித்திர ஆதாரம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆதாரத்தை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவனுக்கு என்ன பெயர்? ஆக இன்றைக்கு நான் செய்யவேண்டியது அந்தப் பழைய வரியைத் திருப்பி எழுதுவதுதான். கிணற்றோடு அவனை எழுதினார்கள். அவன் வழி வந்தவளுக்குக் கிணற்றை எழுதவேண்டும். எனக்கு அது தெளிவாகத்தான் தெரிகிறது. தெரிந்தும் ஏன் நாலு முறை நகலைப் பார்த்துவிட்டு நாலு முறையும் வாய் திறக்காமல் மடித்துக் கொடுத்தேன்? அக்காவுக்காகவா? அம்மாவுக்காகவா? இல்லை, அந்தப் பழைய வீட்டுக்குக் கூரை போட்டு நானும் என் மனுசியும் போய் இருந்தால், விடியக்காலையில் பல் துலக்க வரும்போது கிணற்றடியில் தவமலர் நிற்பாள். அவளுடைய பிள்ளைகள் நிற்பார்கள். வாளி அவர்கள் கையில் இருக்கும். எனக்கு அது தீட்டு இல்லை, சத்தியமாக இல்லை. ஒவ்வொரு நாளும் அந்தச் சனிக்கிழமையை அவள் முகத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கிணற்றைக் கொடுக்காமல் இருப்பதற்கு அம்மாவிடம் ஒரு காரணம் இருந்தது, என்னிடம் இன்னொன்று இருக்கிறது. தண்ணீர் அள்ள முடியாதவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

விசிறி ஒருமுறை இருமிவிட்டுச் சுற்றத் தொடங்குகிறது. "வந்திட்டார்" என்கிறார் ஞானசேகரம். வதனி கணினியைப் போடுகிறாள், வெள்ளை வெளிச்சம் வருகிறது. நான் எழும்பி அவளருகில் போய், யாருக்கும் கேட்கக்கூடாத மாதிரி, "பிள்ளை, கடைசியிலை ஒரு வரி சேருங்கோ. வீட்டுக் கிணத்திலை அரைப்பங்கும் நீர் அள்ளுற உரிமையும்" என்கிறேன். சொல்லிவிட்டேன். வதனி தலையை ஆட்டிவிட்டுத் தட்டுகிறாள். அவ்வளவுதானா? முப்பது வருடம் ஒரு வரியாக அடங்கி, அச்சு யந்திரத்துக்குள் போய், சூடான கடதாசியாக வெளியே வருகிறது. திரும்பி வந்து கதிரையில் விழுகிறேன். அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது, அந்த வரி வாசிக்கப்படும்போது. அதற்காகத்தான் செய்தேனோ? அதற்காகவும் என்றாலும் செய்துவிட்டேன். ஞானசேகரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழேயுள்ள தேத்தண்ணிக் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, உறுதியை வாசிக்கிறார். "நன்கொடை பெறுபவர்மீது நான் கொண்டுள்ள அன்பின் நிமித்தமும்..." எல்லா நன்கொடை உறுதியிலும் அப்படித்தான் இருக்கும். எனக்குக் காது சுடுகிறது. "...மீளப்பெற முடியாததும்..." எல்லைகள் வருகின்றன. கிழக்கு நான், வடக்கு நான், மேற்கு வேறொருவர், தெற்கு பின் ஒழுங்கை. "...பின் ஒழுங்கையால் போக்குவரத்துச் செய்யும் உரிமையும், வீட்டுக் கிணற்றில் அரைப்பங்கும், நீர் அள்ளும் உரிமையும்..." நான் தவமலரைப் பார்க்கிறேன்.

அவள் கையைத் தூக்குகிறாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. கிணறு வேண்டாம். அதை எடுத்துவிடுங்கோ." ஞானசேகரம் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார். "சும்மா வாறதை ஏன் பிள்ளை வேண்டாமெண்டுறீர்?" "கிணத்தடிக்கு வரவேண்டி வரும்" என்கிறாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "நாங்கள் குழாய்க்கிணறு அடிப்பம். அதுக்கு மெசின் வரவேணும். எனக்கு வழி எழுதுங்கோ. கேப்பம் கேப்பம் எண்டுதான் இவ்வளவு நேரமும் இருந்தனான்." "வழிதான் இருக்குதே. பின் ஒழுங்கை. படத்திலையும் கிடக்கு." "அது பழைய படம் ஐயா. பின் ஒழுங்கை இப்ப முள்ளுக்கம்பிக்கு அங்காலை. அந்தப் பக்கம் இன்னும் விடேல்லை. உறுதியிலை இருக்கு, நிலத்திலை இல்லை. கல்லு மண் ஏத்தின லொறி எதாலை வரும்? நாளைக்குப் பதிவிலை முதல் கேள்வியே வழி இருக்கோ எண்டதுதான்." நான் அந்த நகலை நாலு முறை வாசித்தேன். நாலு முறையும் இல்லாத ஒரு வரியைத் தேடினேனே தவிர, இருந்த வரியைப் பார்க்கவில்லை. போன கிழமை காணியில் நின்று அந்தக் கம்பி வேலியைக் கண்ணால் கண்டும் இருக்கிறேன். அவர்கள் எந்த வழியால் வந்து போனார்கள் என்று என் ஆயுளில் நான் யோசித்ததே இல்லை. காலையில் முற்றத்தில் இருப்பார்கள், பின்னேரம் இருக்கமாட்டார்கள். "அப்ப எதாலை?" என்கிறார் ஞானசேகரம். "முன்னாலை" என்கிறாள். "சேரின்ரை படலையாலை. வீட்டுக்குப் பக்கத்தாலை. பத்தடி."

என் வீட்டு முன்வாசலால். எனக்கு முதலில் வந்தது லொறி அல்ல. அவர்களுடைய கலியாணம் வரும், பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள், ஒருநாள் பாடையும் அந்த வழியால்தான் போகும், நான் விறாந்தையில் இருப்பேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அரைக் கிணற்றை நான் ஒரு மாதம் சுமந்து திரிந்து இறக்கினேன், அவள் அதை ஒரு சொல்லில் தள்ளிவிட்டாள். அவளுக்கு வேண்டியதை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை, நானும் அவளிடம் கேட்டதில்லை. வாயைத் திறக்கிறேன். பெருந்தன்மையாக ஏதோ சொல்லப்போகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். "எட்டடி காணாதோ?" என்று கேட்டுவிட்டேன். என் காதில் விழுந்தது. அம்மாவின் குரல் இல்லை, அக்காவின் குரலும் இல்லை, என்னுடையதேதான். தவமலர் கோபப்படவில்லை. ஆச்சரியமும் படவில்லை. "காணாது சேர். லொறி திரும்பாது. நான் அளந்து பாத்தனான். படலையடியிலை பதின்மூண்டு இருக்கு. பத்து எடுத்தாலும் உங்களுக்கு நடக்க மூண்டடி மிச்சம்." "எப்ப அளந்தனீர்?" "போன செவ்வாய். நீங்கள் வாறதுக்கு முதல் போயிட்டன்." தேத்தண்ணிக் கடைக்காரர் இருமுகிறார். மூன்று அடி மிச்சம். அவள் எனக்கு விட்டுவைத்தது. "ஒன்பது?" என்கிறேன், ஏன் என்று தெரியாமல். "பத்து" என்கிறாள். ஞானசேகரம் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். நாலு மணிக்குமேல் வதனி போய்விடுவாள், நாளைக்கு உறுதி இல்லை என்றால் தகரம், அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் குரல் அரையடி இறங்கவில்லை. "சரி, பத்துப் போடுங்கோ" என்கிறேன். அது கொடுக்கிறவனின் குரல் இல்லை. சந்தையில் பேரத்தில் தோற்றவனின் குரல். விசித்திரம், இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக எனக்குள் எதுவும் என்னை மெச்சவில்லை, தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்குகிறது. வதனி கிணற்றை அழித்துவிட்டு வழியைத் தட்டுகிறாள். "படத்தைப் பிறகு திருத்துவம், இப்ப உரிமையை எழுதுவம்" என்கிறார் ஞானசேகரம். கடதாசி வருகிறது. நான் பேனையை எடுக்கிறேன். "பொறுங்கோ சேர்" என்கிறாள் தவமலர், கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு. "அந்த வழி வரியை மட்டும் இன்னொருக்கா வாசியுங்கோ ஐயா." அவர் வாசிக்கிறார். அவள் விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டு, அவர் வாசிப்பதும் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று சொல் சொல்லாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். நான் பேனையோடு காத்துக்கொண்டிருக்கிறேன்.